கலைக்கூடத்தின் வாயிற்படி

கலை என்பது ஒருவர்க்கோ ஒரு குலத்தார்க்கோ உரிய தனிச்செல்வம் அன்று. ஊர்நடுவே பழுத்த பயன்மரம் போலவும், ஊருணியில் நிறைந்த நீர் போலவும் அஃது எல்லார்க்கும் பொதுவானது. அப்பொதுச் செல்வத்தைத் தெருத்தோறும் குவித்து வைத்திருக்கும் நகரங்களுள் மதுரை தலைசிறந்தது. அங்கயற்கண்ணி கோயிலின் ஆயிரங்கால் மண்டபமும், கம்பத்தடி மண்டபத்துச் சிற்பங்களும், 1636-ஆம் ஆண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலும், இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகமும் காண்போர் கருத்தைக் கவர்வன. இவற்றைக் காண்பதற்கென்றே நாள்தோறும் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து குழுமுகின்றனர்.

அவ்வாறு வருவோர் அனைவரும் உள்ளே செல்ல இயல்கின்றதா? இவ்வினாவை நாம் எழுப்பிப் பார்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் இளைஞன் ஒருவனுக்கு மூன்றே படிகள் மலையெனக் குறுக்கே நிற்கும். கண்ணொளி இல்லாத சிறுமி ஒருத்தி சிற்பத்தின் அருகே நிற்பினும், 'தொடாதீர்' என்னும் விலக்கு அவளைச் சிற்பத்தினின்றும் நெடுந்தொலைவில் நிறுத்திவிடும். செவிப்புலன் இல்லாத மாணவன் ஒருவன், வழிகாட்டியின் வாயசைவை மட்டும் நோக்கி நின்று, ஒன்றும் அறியாது மீள்வான். இம்மூவரும் வாயில் வரையில் வந்தவர்கள். கலையின்பால் விருப்பம் உடையவர்கள். ஆயினும் கலை அவர்களுக்கு எட்டவில்லை. குறை யாரிடத்து உள்ளது?

பழங்காலத்தில் இக்குறையை உடலின்மேல் ஏற்றிக் கூறினர். இக்கால அறிஞரோ அதனைக் கட்டடத்தின்மேலும், அதனை அமைத்தோரின் எண்ணத்தின்மேலும் ஏற்றுகின்றனர். படிக்கு அருகே ஒரு சாய்தளம் அமைந்திருப்பின், சக்கர நாற்காலியில் வந்த இளைஞன் பிறரைப்போலவே உள்ளே சென்றிருப்பான். அவன் உடலில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. வாயிலில் மட்டுமே மாற்றம் நிகழ்ந்தது. ஆதலின் தடை என்பது பெரும்பாலும் மனிதர் அமைத்தது. மனிதரால் நீக்கத் தக்கது. இவ்வுண்மையை உணர்ந்தே நம் தமிழ்நாட்டில் பழைய இழிசொற்களைக் களைந்து, 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் பெயரை வழங்கலாயினர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்திய நாட்டில் 2 கோடியே 68 இலட்சம் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேரும் இவ்வகையினர். இத்துணைப் பேரை வாயிற்புறத்தே நிறுத்திவிட்டுக் கலை பொதுவுடைமை என்று பேசுதல் பொருந்துமா?

நம் தமிழ்ப் புலவர் வரலாற்றைப் புரட்டினால், தடையைக் கடத்தற்கு மூவகை உதவிகள் வேண்டும் என்பது விளங்கும். சங்கப் புலவருள் ஐயூர் முடவனார் என்பார் ஒருவர். கால் வன்மை இல்லாத அவர், தாமான் தோன்றிக்கோன் என்னும் வள்ளலிடம் சென்று, தம் வண்டியை இழுக்கப் பகடு ஒன்று வேண்டினார் என்று புறநானூற்றால் அறிகின்றோம். வள்ளலோ பகடு ஒன்றோடு அமையாது, ஆனிரையும் ஊர்தியும் உவந்து அளித்தான். புலவர் இரங்கத் தக்கவராய் நின்று சோறு வேண்டினார் அல்லர். தாமே வேண்டிய இடத்திற்குச் செல்லுதற்குரிய வழியை வேண்டினார். இது முதல் உதவி. இதனை வழி என்போம்.

இரட்டைப் புலவர் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருவர்க்குக் கண் இல்லை. மற்றொருவர்க்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தம் தோள்மேல் கால் இல்லாதவரைச் சுமந்து செல்ல, அவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பர். மதுரைப் பொற்றாமரைக் குளக்கரையிலும் அவர்கள் இருந்து பாடினர் என்பது செவிவழிச் செய்தி. ஒருவர்க்கொருவர் துணையாயினர், அத்துணையில் ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை. இஃது இரண்டாவது உதவி.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அவருடைய முதுகில் எழுத்துகளை விரலால் எழுதிக் காட்டிக் கற்பித்தனர் என்று கூறுவர். கண் வழியாகப் புகாத எழுத்து, மெய் வழியாக உள்ளே புகுந்தது. அவ்வாறு கற்றவர் பின்னாளில் திருக்கழுக்குன்றப் புராணம் பாடினார். எழுத்து மாறவில்லை, அஃது உள்ளே செல்லும் வாயில் மாறிற்று. இது மூன்றாவது உதவி. இதனை மொழி என்போம். வழி, துணை, மொழி என்னும் இம்மூன்றும் அமைந்த கலைக்கூடமே எல்லார்க்கும் திறந்த கலைக்கூடம் ஆகும்.

இம்மூன்றையும் அளிப்பது அருட்செயல் என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழையானது. 2006-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. அதன் முப்பதாவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கு கொள்ளுதல் அவர்களின் உரிமை என்று கூறுகின்றது. இந்தியா 2007-ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. பின்னர் 2016-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை எண்ணிக் கூறுவதோடு, கலையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்தல் வேண்டும் என்று தன் இருபத்தொன்பதாவது பிரிவில் வெளிப்படையாகவே விதிக்கின்றது. பொதுக் கட்டடங்களில் இவ்வசதிகளுக்கான விதிகள் விரும்பினால் பின்பற்றும் அறிவுரைகளாக இருத்தல் போதாது, கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் 2024-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஒருவனுக்கு உரியதை அவனுக்குத் தருதல் கொடை ஆகாது. அது கடனைத் தீர்த்தல் ஆகும்.

இனி, வழி என்பது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைக் காண்போம். படிக்கு மாற்றாக அமைவது சாய்தளம். அதனை எவ்வளவு சரிவாகவும் அமைக்கலாம் என்று நினைத்தல் தவறு. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அரை அடி உயரமுள்ள ஒரு படிக்கு ஆறு அடி நீளச் சாய்தளம் வேண்டும். மூன்றடி உயரமுள்ள மண்டபத் தளத்திற்கு முப்பத்தாறு அடி வேண்டும். இடம் போதாதெனின், இடையே சமதளம் ஒன்று விட்டு, சாய்தளத்தைத் திருப்பி அமைத்தல் வேண்டும். இவ்வளவினைக் கருதாது, இருக்கின்ற இடத்தில் செங்குத்தாக ஒரு சரிவைக் கட்டி விடுவாரும் உளர். அதில் ஏறுவோர் பின்னோக்கி உருள்வர். இறங்குவோர் முன்னோக்கி வீழ்வர். பெயருக்கு அமைந்த சாய்தளம் படியினும் கொடியது.

சாய்தளத்தின் இருபுறமும் கைப்பிடி வேண்டும். வாயில் சக்கர நாற்காலி தடையின்றி நுழையுமாறு ஏறத்தாழ மூன்றடி அகலம் உடையதாதல் வேண்டும். காட்சிப் பொருள்களும் அவற்றின் விளக்க அட்டைகளும் அமர்ந்திருப்போர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் இருத்தல் வேண்டும். நெடுநேரம் நிற்க இயலாத முதியோர் அமர்வதற்கு இடையிடையே இருக்கைகள் வேண்டும். அவர்கள் பயன்படுத்தத் தக்க கழிப்பிடமும் வேண்டும். அஃது இல்லாமையால் வெளியே செல்வதையே தவிர்ப்பார் பலர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

புடைத்த கோடுகளும் புள்ளிகளும் உடைய தளக்கற்களை இருப்பூர்தி நிலையங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை அழகிற்காகப் பதித்தவை அல்ல. கோடுகள் 'இவ்வழியே செல்க' என்று கூறும். புள்ளிகள் 'இங்கே நிற்க' என்று எச்சரிக்கும். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் இக்கற்களைப் படித்து நடப்பர். சப்பான் நாட்டுச் செய்யிச்சி மியாக்கே என்பார் இவற்றை உருவாக்கினார். 1967-ஆம் ஆண்டில், ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றன் அருகே இவை முதன்முதல் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் இவை பரவியுள்ளன. கலைக்கூடத்தின் தெருவாயிலிலிருந்து உள்வாயில் வரையில் இத்தகைய கற்கள் வழிகாட்டுமாயின், பார்வையற்றோர் பிறர் கைபற்றாது தாமே வருவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நாயக்கர் மகால் போன்ற பழங்கட்டடங்கள் நம் முன்னோர் விட்டுச் சென்ற வைப்புநிதி ஆயிற்றே. அவற்றின் படியை இடித்துச் சாய்தளம் கட்டினால் தொன்மை கெடாதா? இவ்வையம் நியாயமானதே. பழைமையைச் சிதைத்தல் ஆகாது. மனிதரைத் தடுத்தலும் ஆகாது. இரண்டற்கும் இடையே நடுவழி ஒன்று உண்டு. கல்லில் ஆணி அறையாமல், படியின்மேல் வைத்து எடுக்கத்தக்க மரத்தாலோ இரும்பாலோ ஆன சாய்தளத்தை அமைக்கலாம். படியில்லாத பக்கவாயில் இருப்பின், அதனைத் திறந்து வைத்து, அதற்கு வழிகாட்டும் பலகையும் நடலாம். ஏறவே இயலாத மேல்தளத்தின் காட்சியைக் கீழ்த்தளத்தில் சிறுவடிவ மாதிரியாகச் செய்து வைக்கலாம். உண்மையான விருப்பம் இருப்பின், உளிபடாமலே வாயில் திறக்கும்.

புதிய கட்டடங்களுக்கோ இத்தடையும் இல்லை. அடித்தளம் இடும்போதே இவ்வசதிகளையும் எண்ணி அமைத்தால் செலவும் குறைவு, தோற்றமும் கெடாது. மதுரையில் 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது. அமைத்தால் மட்டும் போதாது, பேணுதலும் வேண்டும். சென்னை மெரினாக் கடற்கரையில், சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே சென்று மகிழ, மணற்பரப்பின்மேல் மரப்பாதை ஒன்று 2022-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்றது. அடுத்த திங்களிலேயே வீசிய மாண்டசு புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்தது. ஒருநாள் விழாவோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

வழி அமைந்து உள்ளே வந்தபின், கலைப்பொருளோடு உறவு கொள்ளுதற்கு மொழி வேண்டும். பிரெஞ்சு நாட்டில் 1809-ஆம் ஆண்டில் பிறந்து, இளமையிலேயே கண்ணொளி இழந்த லூயி பிரெயில் என்பார், ஆறு புள்ளிகளை வெவ்வேறு வகையாக அடுக்கி, விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்தினை அமைத்தார். ஆறு புள்ளிகளிலிருந்து அறுபத்துமூன்று வடிவங்கள் பிறக்கும். 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை வகுக்கப்பெற்றது. தமிழும் அம்முறையில் எழுதப்படுகின்றது. 2023-ஆம் ஆண்டில் திருக்குறளும் மணிமேகலையும் உள்ளிட்ட தமிழ்ச் செம்மொழி நூல்கள் பிரெயிலில் வெளியாயின. கலைக்கூடத்து விளக்க அட்டைகளும் இவ்வெழுத்தில் அமைதல் எளிதே.

எழுத்தினும் சிறந்த மொழி தொடுவுணர்வு. சிற்பம் என்பது கையால் ஆக்கப்பட்டது. ஆகவே கையாலும் அறியத் தக்கது. ஆயினும் பல்லாயிரம் கைகள் பட்டால் பழஞ்சிற்பம் தேயும் என்பதும் மெய்யே. இதற்கு விடை கண்டவர்கள் உளர். இத்தாலி நாட்டின் அங்கோனா நகரில், பார்வையற்ற கணவனும் மனைவியுமாகிய இருவரின் முயற்சியால், 1993-ஆம் ஆண்டில் ஓமர் அருங்காட்சியகம் என்பது தோன்றியது. கண்ணில்லாதவர் என்று மரபு கூறும் பழங்கிரேக்கப் புலவரின் பெயரை அது தாங்கியுள்ளது. உலகப் புகழ் வாய்ந்த சிற்பங்களின் படிவங்கள் அங்கே உள்ளன. கண்ணுடையோரும் இல்லாரும் அவற்றைத் தடவித் தடவி மகிழ்கின்றனர். நம் தில்லித் தேசிய அருங்காட்சியகத்திலும் 2015-ஆம் ஆண்டில் 'அனுபவ்' என்னும் தொட்டுணர் கூடம் திறக்கப்பெற்றது. மதுரைச் சிற்பங்களுக்கும் இத்தகைய படிவங்கள் செய்து வைக்கின், யாளியின் வளைந்த துதிக்கையையும் குதிரையின் பிடரிமயிரையும் விரல்நுனியால் கண்டு வியப்போர் எத்தனை பேர்!

தொட இயலாத இடத்தில் சொல்லே கண்ணாக வேண்டும். ஆனால், 'அழகாக உள்ளது' என்று கூறுதல் விளக்கம் ஆகாது. கம்பத்தடி மண்டபத்துத் திருமணச் சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். 'கருங்கல் தூண் ஒன்றில் மூவர் நிற்கின்றனர். நடுவே மணமகளாகிய மீனாட்சி. நாணத்தால் தலை சற்றே கவிழ்ந்துள்ளது. அவள் கை மணமகனாகிய சிவபெருமானின் கையில் சேர்ந்துள்ளது. மறுபக்கத்தே தமையனாகிய திருமால், கெண்டியிலிருந்து நீர் வார்த்துத் தாரை செய்கின்றார்' என்று முறையாகக் கூறினால், கேட்போன் மனத்தில் அச்சிற்பம் எழுந்து நிற்கும். பொருள் யாது, எத்துணையர், யார் எங்கே நிற்கின்றனர், முகமும் கையும் எவ்வாறு உள்ளன என்று வரிசைப்படுத்திச் சொல்லுதலே இதன் முறை. நல்ல தமிழ் பயிலும் மாணவர் எவரும் இக்கலையில் வல்லவர் ஆகலாம்.

செவிப்புலன் இல்லாதவர்க்குச் சைகைமொழியே தாய்மொழி போன்றது. அதற்கும் தனி இலக்கணம் உண்டு. இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2015-ஆம் ஆண்டில் தில்லியில் நிறுவப்பெற்றது. அம்மொழி அறிந்த வழிகாட்டி ஒருவர் இருத்தலும், ஒலி ஒளிக் காட்சிகளில் பேச்சு எழுத்தாகவும் திரையில் தோன்றுதலும் நன்று. பேரொலியும் பெருங்கூட்டமும் தாங்க இயலாத இயல்புடைய சிறார்க்கென, ஒளியும் ஒலியும் குறைத்த அமைதிநேரம் ஒன்றை ஒதுக்குதலும் பிறநாடுகளில் வழக்கமாகி வருகின்றது.

இனித் துணை பற்றிச் சிறிது கூறுவோம். வழிக்கும் மொழிக்கும் பொருட்செலவு உண்டு. துணைக்கு வேண்டுவது பண்பாடு ஒன்றே. உதவும் முன் 'உதவலாமா?' என்று கேட்டல் வேண்டும். கேளாமல் ஒருவரின் நாற்காலியைத் தள்ளுதல், கேளாமல் அவர் கையைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். பார்வையற்றவரை நாம் பற்றி நடத்தலாகாது. நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளுமாறு நீட்டி, அரையடி முன்னே நடத்தல் வேண்டும். படி வருமிடத்தில், 'மேலே மூன்று படிகள்' என்று சொல்லுதல் வேண்டும். உடன் வந்தவரை நோக்கி, 'இவர்க்கு என்ன வேண்டும்?' என்று வினவாது, அவரையே நோக்கி வினவுதல் வேண்டும். செவிப்புலன் இல்லாதவரோடு முகம் நோக்கித் தெளிவாகப் பேசுதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டுவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் கலையைக் காண்போர் மட்டும் அல்லர், படைப்போரும் ஆவர். சாந்திநிகேதனத்துக் கலைப்பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய வினோத் பிகாரி முகர்ச்சி என்பார் 1904-ஆம் ஆண்டில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வைக் குறைவு உடையவர். 1956-ஆம் ஆண்டில் செய்த கண்மருத்துவம் பயன்படாமையால், எஞ்சிய பார்வையையும் இழந்தார். அவர் கலையை விடவில்லை. தாளை வெட்டி ஒட்டியும், மெழுகைப் பிசைந்து உருவங்கள் செய்தும் விரலால் ஓவியம் தீட்டினார். அவரைக் கலைப்பள்ளியும் விடவில்லை. மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. 1972-ஆம் ஆண்டில் அப்பள்ளிச் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஆன பெரிய ஓவியம் ஒன்றை அமைத்தார். அவர்பால் பயின்ற சத்யசித் ராய், அவ்வாண்டிலேயே அவர் வாழ்வை 'அகக்கண்' என்று பொருள்படும் பெயரால் திரைப்படம் ஆக்கினார். அன்று அப்பள்ளி தன் வாயிலை அடைத்திருந்தால் இச்சுவரோவியம் பிறந்திருக்குமோ?

நம் மதுரையிலேயே இதற்கொரு சான்று உண்டு. கண்மருத்துவர் கோ. வேங்கடசாமி இளமையில் கொடிய முடக்குவாதத்தால் தாக்குண்டு, விரல்கள் கோணி முறுக்குண்டவர். எழுதுகோல் பிடித்தலும் அரிதாகிய அக்கைக்கு ஏற்பக் கருவிகளை மாற்றி அமைத்துக்கொண்டு, அறுவைக்கத்தி பிடித்துப் பயின்றார். அக்கைகளாலேயே இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குக் கண்மருத்துவம் செய்தார். 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிலையமாக விளங்குகின்றது. கையைக் கருவிக்கு ஏற்ப மாற்ற இயலவில்லை; கருவியைக் கைக்கு ஏற்ப மாற்ற இயன்றது. வாயிலை வருவோர்க்கு ஏற்ப அமைத்தல் என்பதன் முழுப்பொருளும் இதனுள் அடங்கும்.

மாணவர்களே! சாய்தளம் சக்கர நாற்காலிக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் தாய்க்கும், கோலூன்றி வரும் பாட்டிக்கும், சுமை இழுத்துவரும் தொழிலாளிக்கும் அது பயன்படும். நாமும் ஒருநாள் முதியராவோம். அன்று நமக்கும் அது வேண்டும். ஆகவே இன்று பிறர்க்கென அமைக்கும் வழி நாளை நமக்கும் வழியாகும்.

நீங்கள் அடுத்த முறை ஓர் அருங்காட்சியகத்திற்கோ கலைப்பள்ளியின் காட்சிக்கோ செல்லும்போது, உள்ளே உள்ள ஓவியங்களை நோக்குமுன் வாயிற்படியை ஒருமுறை நோக்குங்கள். படிகள் எத்தனை, சாய்தளம் உண்டா, அஃது அளவோடு அமைந்ததா, எழுத்துகள் எட்டும் உயரத்தில் உள்ளனவா என்று எண்ணுங்கள். நும் பள்ளியிலும் அவ்வாறே எண்ணிப் பார்த்து, குறை இருப்பின் ஆசிரியரிடத்துப் பணிவோடு எடுத்துரையுங்கள். நாளை நீங்கள் பொறியாளராகவும், சிற்பியாகவும், ஆட்சியாளராகவும் ஆகும்போது, ஒருவரையும் வெளியே நிறுத்தாத வாயில்களை அமையுங்கள். எல்லாரும் புகும் வாயிலையுடைய கூடமே கலைக்கூடம் என்னும் பெயர்க்கு முழுதும் உரியதாகும்.